கொல்லைப்புறமும் குழந்தையின் தட்டும்



பள்ளிக்கூடத்தில் காலைச் சபை கூடும்போது பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் அந்த வரிசையின் தொடக்கத்தில் நின்றான். வயது ஏழு. பார்த்தால் ஐந்து என்றுதான் எவரும் சொல்வர். இரண்டாம் பாடவேளை வந்தால் மேசைமேல் தலையைச் சாய்த்துவிடுவான். சோம்பல் என்று எண்ணி ஓரிரு முறை நாங்கள் கண்டித்ததும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் அவனுடைய தாயாரை அழைத்துப் பேசினோம். "பசியோட ஒரு நாளும் அனுப்புனதில்லைங்க சார். மூணு வேளையும் வயிறு நெறையத்தான் சாப்பிடுறான்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது உண்மையே. காலையில் ரொட்டியும் தேநீரும். பகலில் சோறும் ரசமும். இரவில் மீண்டும் சோறும் குழம்பும். வயிறு நிறைந்தது. ஆனால் எலும்பும் தசையும் இரத்தமும் வளர்வதற்கு வேண்டிய பொருள் அந்தத் தட்டில் இல்லை.

வயிறு நிறைவது வேறு. உடல் வளர்வது வேறு. இந்த வேறுபாட்டைத் தாய்மார்கள் அறிய வேண்டும். அறிந்ததைச் செயலில் காட்டக் கொல்லையில் நான்கு பாத்திகள் வேண்டும். இவ்விரண்டையும் பற்றியே இன்று பேசுகிறோம்.

இந்த வேறுபாட்டை உலகுக்கு விளக்கிய இடங்களுள் நம் மலாயாவும் ஒன்று. 1900ஆம் ஆண்டை ஒட்டி இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களிடம் இந்நோய் மிகுதியாகவும், தமிழ்த் தொழிலாளர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராட்டன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். 1905ஆம் ஆண்டில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும், மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே புதிதாக எவருக்கும் வரவில்லை.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயரிட்டார்கள். நம் பாட்டன்மார் ஏழைகள்தாம். எனினும் ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் பழக்கம் அவர்களைக் காத்தது.

அவ்வாறு காக்கும் உணவு இல்லாமற்போன காலத்தையும் நாம் கண்டோம். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே பலருக்கும் உணவாயிற்று. கிழங்கு பசியை அடக்கும்; ஆனால் அதில் புரதச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறைந்தும் உடல் வற்றிய அந்த நாட்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மற்றொன்று டின் பால். சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் இதைக் கண்டித்துப் பேசினார். அவர் உரைக்கு இட்ட தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது. அத்துணைக் கடுமையான சொல்லை ஒரு மருத்துவர் ஆளவேண்டியிருந்தது என்றால், அவர் கண்ட குழந்தைகளின் நிலை எப்படியிருந்திருக்கும்! டின் பாலில் சர்க்கரையே மிகுதி. அது தேநீருக்கு ஆகும். குழந்தையின் வளர்ச்சிக்கு ஆகாது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று காட்டியது. ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை! பட்டணமானாலும் தோட்டமானாலும் இந்தக் குறை இருக்கிறது.

எப்போது இந்தக் குறை தொடங்குகிறது? பெரும்பாலும் பள்ளிக்கு வரும் முன்பே. தாய் கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை உள்ள காலமே உயரமும் மூளையும் விரைந்து வளரும் காலம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். ஆறு மாதம் முடிந்தபின், இரண்டு வயது வரையும் தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே, வேறு உணவும் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நாம் தவறுகிறோம். தாய் விடியுமுன் வேலைக்காட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார். குழந்தை பாட்டியிடமோ ஆயாக் கொட்டகையிலோ இருக்கிறது. நீர்த்த கஞ்சி, தேநீரில் நனைத்த பிஸ்கட், இல்லாவிட்டால் வெறும் சோற்றில் ரசம். "கீரை செரிக்காது, முட்டை சூடு" என்று பெரியவர்கள் அன்போடுதான் தடுக்கிறார்கள். அந்த அன்பிலேயே குழந்தை மெலிகிறது.

இதற்கு மாற்றாக நம் நாட்டில் முயற்சிகள் நடவாமல் இல்லை. 1969ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கோல லங்காட் மாவட்டத்தில் உணவு, சத்துணவுத் திட்டம் ஒன்று முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. சுகாதாரம், விவசாயம், கல்வி எனப் பல துறைகள் அதில் கைகோத்தன. 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக், வீட்டைச் சுற்றி உணவுப் பயிர் வளர்க்கச் சொல்லிப் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். காய்கறி நடுவது நமக்குப் புதிதன்று. லயத்துக் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் இல்லாத வீடு முன்பெல்லாம் அரிது.

ஆனால் கொல்லை மட்டும் போதுமா? போதாது என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம். ஒரு முறை பள்ளியின் சார்பில் சிறந்த வீட்டுத் தோட்டத்துக்குப் பரிசு என்று அறிவித்தோம். முதற்பரிசு பெற்ற வீட்டில் வெண்டையும் பயற்றங்காயும் கண்ணைப் பறித்தன. அறுவடை முழுவதும் சந்தைக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் சிறு பகுதிக்கு வாங்கியது குழந்தைக்கு இனிப்பு ரொட்டியும் பொட்டலத் தீனியும்! அந்த வீட்டாரைக் குறை சொல்ல வழியில்லை. காயை வளர்க்கச் சொன்னோமே தவிர, அது குழந்தையின் வாய்க்குப் போகும் வழியை நாங்கள் சொல்லித்தரவில்லை.

ஆகவே, அடுத்த முறை தொடக்கத்தையே மாற்றினோம். ஐந்தாறு தாய்மார்களையும், ஆயா அம்மாவையும், முக்கியமாகப் பாட்டிமார்களையும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார வைத்தோம். சொற்பொழிவு இல்லை, சமையல்தான். ஒவ்வொருவரும் தம் கொல்லையில் உள்ளதைக் கொண்டுவர வேண்டும். அங்கேயே சமைத்து, அங்கேயே குழந்தைக்கு ஊட்டிப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளை முட்டையும் கீரையும் தின்று நலமாக இருப்பதைக் கண்ணால் கண்ட பாட்டிக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அடுத்த மாதம் அந்தப் பாட்டியே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அங்கே கற்றுக்கொண்ட பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி பருப்பு, பொடியாக அரிந்த ஒரு பிடி கீரை ஆகியவற்றைக் குழைய வேகவைக்க வேண்டும். நெத்திலியை நன்றாக ஊறவைத்துக் கழுவி, உப்பைப் போக்கி, வறுத்துப் பொடி செய்து ஒரு சிட்டிகை சேர்க்கலாம். அல்லது நன்றாக வெந்த முட்டையை மசித்துச் சேர்க்கலாம். இறுதியில் ஒரு சிறு கரண்டி எண்ணெய். கீரையிலும் பூசணியிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும். கஞ்சி, கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்த கஞ்சியால் சிறு வயிறு நிறையும், சத்துச் சேராது. ஆறு மாதத்தில் நாளைக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்துக்குப் பின் மூன்று நான்கு வேளையும் ஊட்ட வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கலாகாது. அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. அதற்குப் பதிலாகப் பப்பாளித் துண்டு கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

இதற்கு வேண்டிய கொல்லை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பதினைந்தடி போதும். தண்டுக்கீரையும் கங்குங்கும் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்; வாரம் ஒரு பாத்தி விதைத்தால் கீரை ஓயாது. பயற்றங்காய் இரண்டு மாதத்தில் காய்க்கும். சர்க்கரைவள்ளியின் கிழங்கு மட்டுமன்றி இளந்தழையும் உணவாகும். உள்ளே செம்மஞ்சளான வகை சிறந்தது. சேக்கூர் மானிஸ் குச்சியை நட்டால் வேலியும் ஆகும், கீரையும் ஆகும். அதைச் சமைத்தே உண்ண வேண்டும், பச்சையாக அரைத்துக் குடிக்கக் கூடாது. மூலையில் ஒரு முருங்கை, இரண்டு பப்பாளி. இயன்றால் மூன்று நான்கு கோழிகள். கீரை எவ்வளவு நல்லதாயினும், முட்டையும் மீனும் பருப்பும் இல்லாமல் அதுமட்டும் குழந்தையை வளர்த்துவிடாது.

தோட்டத்து மக்களுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. களைக்கொல்லி மருந்து வந்த கலனை எத்தனை முறை கழுவினாலும், தண்ணீர் பிடிக்கவோ செடிக்கு ஊற்றவோ பயன்படுத்த வேண்டாம். பாரகுவாட் என்ற கொடிய மருந்து 2020ஆம் ஆண்டு முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆயினும் மற்ற மருந்துகளும் நஞ்சே. மருந்து அடித்த ஓரத்தில் வளரும் கீரையைப் பறிக்க வேண்டாம். மருந்து அடித்துவிட்டு வரும் தாய், குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். கொக்கிப்புழு காலின் வழி ஏறி இரத்தத்தை உறிஞ்சும். எனவே பிள்ளைகளுக்குக் காலணி அவசியம்.

தோட்ட வீடு நம் சொந்தமன்று. தோட்டம் கைமாறினால் கொல்லையையும் விட்டுப் போகவேண்டிவரும் என்ற கவலை பலருக்கு உண்டு. நியாயமான கவலையே. அதனால்தான் விரைவில் பறிக்கும் கீரைகளை முதலில் சொன்னோம். அவை அரிசிப் பையில் மண் நிரப்பினாலும் வளரும். அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்திலும் வளரும். கற்றுக்கொண்ட சமையலோ எங்கே போனாலும் கூடவே வரும்.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. வேலைக்காட்டில் உதிரி பொறுக்கிவிட்டு வந்த பெண்ணே மண்ணையும் கொத்தி, நீரும் ஊற்றி, சமைத்தும் ஊட்ட வேண்டுமென்றால் திட்டம் ஒரு மாதத்தில் நின்றுவிடும். பாத்தி கொத்துவதும் வேலி கட்டுவதும் தகப்பனாரின் பொறுப்பாக இருக்கட்டும்.

குழந்தை வளர்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மாதந்தோறும் கிளினிக்கில் எடை பார்த்துப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். பிறந்த எடை ஓராண்டில் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுச்சுற்று 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் காலம் கடத்தாமல் கிளினிக்கில் காட்டுங்கள். சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1989ஆம் ஆண்டில் தொடங்கியது. அதைக் கேட்பது பிச்சையன்று, குழந்தையின் உரிமை.

முதலில் சொன்ன பையனுக்கு வருவோம். அவனுடைய தாயாரும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு வந்தார். பையனின் உணவு மாறியது. மேசைமேல் தலை சாய்ப்பது நின்றது. ஆறாம் வகுப்பை நன்றாகவே முடித்தான். ஆனால் உயரத்தில் மற்றப் பிள்ளைகளை அவன் எட்டவில்லை. முதல் இரண்டு ஆண்டில் இழந்ததை முழுமையாக மீட்க முடியவில்லை. அப்போது அவனுக்கு எட்டு மாதத் தங்கை ஒருத்தி இருந்தாள். ஞாயிறுதோறும் நாங்கள் ஊட்டிப் பார்த்த குழந்தைகளில் அவளும் ஒருத்தி. அவள் முதலாம் வகுப்புக்கு வந்த காலையில், வழக்கம்போல் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினோம்.

அவள் வரிசையின் நடுவில் நின்றாள்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் இன்று ஆறு மாதக் குழந்தை இருந்தால், நாளைக் காலையே ஒரு பையில் கீரை விதையுங்கள். மூன்று வாரத்தில் அது கைக்கு வரும். குழந்தையோ அதுவரைகூடக் காத்திருக்க முடியாது. இன்றிரவே அதன் கஞ்சியில் ஒரு கரண்டி பருப்பைக் கூடுதலாகச் சேருங்கள்.