இமெயில் மாறப் போகிறீர்களா? பழையதை அழிக்க அவசரம் வேண்டாம்!

அன்னூரில் எங்கள் வீட்டுக்கு அருகே விசைத்தறி நடத்தும் பெரியவர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய மறுநாளே என்னிடம், "தம்பி, எல்லாரும் ஜோஹோவுக்கு மாறச் சொல்றாங்க. பழைய ஜிமெயிலை அழிச்சுப் போடலாமுங்களா?" என்று கேட்டார். "தாராளமா மாறுங்க. ஆனா எதையும் இப்ப அழிச்சுப் போடாதீங்க" என்றேன். காரணத்தை இங்கு பார்ப்போம்.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தாம் ஜோஹோவின் ஆபீஸ் தொகுப்புகளுக்கு மாறுவதாக அறிவித்தார். அடுத்த மாதம் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறினார். தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் இந்தத் தமிழ்நாட்டு நிறுவனம் 2021ல் வெளியிட்ட 'அரட்டை' செயலியையும் அப்போது லட்சக்கணக்கானோர் இறக்கிக் கொண்டனர். நம் ஊர்க்காரர் தயாரிப்பு என்ற மகிழ்ச்சி நியாயமானது. ஆனால், புதிய இடத்தில் அக்கவுண்ட் திறப்பது ஐந்து நிமிட வேலை. பழைய இடத்திலிருந்து ஒன்றும் விடுபடாமல் வெளியே வருவதுதான் பெரிய வேலை.

மொபைல் போனை எடுத்துக் கொள்ளுங்கள். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றலாம். இமெயிலில் இந்த வசதி கிடையாது. ஜிமெயிலை விட்டு வெளியேறினால், '@ஜிமெயில்.காம்' என்று முடியும் முகவரியை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. பெரியவரின் ஜிஎஸ்டி தளத்திற்கான ஓடிபி, வங்கிக் கடிதங்கள், நூல் வியாபாரிகள் அனுப்பும் பில்கள் எல்லாம் அந்த ஒரே முகவரிக்குத்தான் வருகின்றன. அதை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனவே கீழ்க்காணும் வரிசையில் செயல்படுங்கள்.

1. முதலில் பிரதி எடுங்கள்: தண்டர்பேர்ட் என்ற இலவச புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் பதியுங்கள். அதில் பழைய மெயில் அக்கவுண்ட்டை ஐமேப் முறையில் இணைத்திடுங்கள். பின்னர், முக்கியமான மெயில்களைத் தேர்ந்தெடுத்து, 'லோக்கல் போல்டர்ஸ்' என்ற பகுதிக்கு காப்பி செய்திடுங்கள். 'மூவ்' கொடுக்க வேண்டாம். கொடுத்தால் பழைய இடத்தில் மெயில் இருக்காது. போட்டோ உள்ளிட்ட மற்றவற்றை கூகுள் டேக்அவுட் மூலம் பெறலாம். பைல்கள் தயாரானதும் அதற்கான லிங்க் மெயிலில் வரும். அது சுமார் ஒரு வாரம்தான் செயல்படும் என்பதால் உடனே டவுண்லோட் செய்திடுங்கள். பைல்கள் திறக்கின்றனவா என்று சோதித்துவிட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பதிந்து வையுங்கள்.

2. மெயில்களைத் திருப்பி விடுங்கள்: கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸ் பிரிவில் 'பார்வர்டிங்' என்ற டேப்பினைக் கிளிக் செய்திடுங்கள். அங்கு புதிய முகவரியைத் தந்தால், அந்த முகவரிக்கு ஓர் உறுதிச் செய்தி வரும். அதை ஏற்றபின், இனி வரும் மெயில்கள் இரண்டு இடங்களிலும் இருக்குமாறு அமைக்கலாம். முன்பே வந்த மெயில்கள் இதில் போகாது. அதற்குத்தான் முதல் படி.

3. முகவரியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்: வங்கி, வருமான வரித் தளம், ஜிஎஸ்டி, பி.எப்., எல்ஐசி, பிள்ளைகளின் பள்ளி என ஒரு தாளில் பட்டியலிடுங்கள். மாற்றியவற்றை டிக் செய்து வாருங்கள். பழைய முகவரியிலிருந்து திருப்பி விடப்பட்டு ஏதாவது மெயில் வந்தால், பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

4. ஓராண்டு பொறுத்திருங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மெயில் அனுப்பும் இடங்களும் உண்டு. மேலும், ஆண்ட்ராய்ட் போனில் பிளே ஸ்டோர் பயன்படுத்த கூகுள் அக்கவுண்ட் தேவை. எனவே அதை வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் அவ்வப்போது உள்ளே சென்று வாருங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுண்ட்களை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் செயல்படுத்தி வருகிறது.

தொழில் செய்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுக் கட்டணம் செலுத்தி உங்கள் கடை பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதில் இமெயில் முகவரி அமைத்துக் கொள்ளலாம். ஜோஹோ, கூகுள் என எந்த நிறுவனத்தின் மெயில் சேவைக்கு மாறினாலும் முகவரி மாறாது. பில் புத்தகத்தையும் போர்டையும் மீண்டும் அச்சடிக்க வேண்டியதில்லை. கட்டணத்தைப் புதுப்பிக்க மட்டும் மறந்துவிடக் கூடாது.

பெரிய தளம் என்றால் நிலைத்து நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மறைந்தது. நான் கல்லூரியில் படித்தபோது, எங்கள் அம்மிச்சியின் படங்களை வேறொரு இணைய ஆல்பத்தில் மட்டும் வைத்திருந்தோம். மூடப் போவதாக அறிவிப்பு வந்தது, வீட்டில் யாரும் திறந்து பார்க்காத ஒரு பழைய மெயில் முகவரிக்கு. நாங்கள் அதைப் பார்த்தபோது கெடு முடிந்துவிட்டது. இன்று அவர் முகத்தைப் பார்க்க ரேஷன் கார்டில் உள்ள சிறிய படம்தான் எங்களிடம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் படியை மட்டுமாவது முடித்துவிடுங்கள். பிறகு எந்த நிறுவனத்தில் இருப்பது என்பதை நீங்கள் நிதானமாக முடிவு செய்யலாம்.