வாயிலும் வண்ணமும்

ஒரு வீட்டை நோக்கி நாம் நடந்து செல்லுங்கால், முதலில் நம்மை எதிர்கொள்வது அதன் தலைவாயிற் கதவே. சுவரைவிடப் பரப்பில் மிகச் சிறியதாயினும், நம் கண் அங்கேயே சென்று தங்குகின்றது. ஆயினும் வீடு கட்டுவோர் பலர், மரத்தையும் கல்லையும் பல நாள் ஆராய்ந்து வாங்கிவிட்டு, கதவுக்கும் சன்னலுக்கும் உரிய வண்ணத்தை மட்டும் கடைக்காரர் நீட்டும் அட்டையைப் பார்த்து ஒரு நொடியில் முடிவு செய்துவிடுகின்றனர். அதன் விளைவைப் பல ஆண்டுகள் அனுபவிக்கவும் நேர்கின்றது.

எங்கள் பழைய வீடு மேற்கு நோக்கியது. அதன் கதவுக்கு ஒருமுறை கருமை கலந்த அடர்பச்சை பூசினார்கள். பொங்கலன்று அது கண்ணாடி போல் மின்னியது. தெருவில் செல்வோர் நின்று பார்த்தனர். சித்திரை பிறந்ததும் பிற்பகலில் அக்கதவின் மீது கைவைக்க முடியவில்லை. இரண்டாம் கோடையில் பலகைகள் சேருமிடத்தில் பூச்சு வெடித்தது. அடுத்து வந்த மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே உட்புகுந்து, அடிப்பலகையை இற்றுப்போகச் செய்தது. குற்றம் மரத்தினுடையதன்று, நிறத்தைத் தேர்ந்தவர்களுடையது.

இதன் காரணம் யாது? வெண்மை தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. கருமையோ அதனை உட்கொண்டு வெப்பமாக்குகின்றது. மரம் ஈரத்தை ஏற்று அகலத்தில் விரியும். வெப்பத்தால் உலர்ந்து சுருங்கும். மேலுள்ள பூச்சு அவ்வளவு நெகிழ்ந்து கொடுக்காமையால் வெடித்துவிடுகின்றது. ஆதலால் மாலை வெயில் நேரே தாக்கும் கதவுக்கு அடர்நிறம் பொருந்தாது. தாழ்வாரத்தின் நிழலில் நிற்கும் கதவுக்கு அதே நிறத்தைத் தயங்காமல் பூசலாம்.

இனி அழகைப் பற்றிச் சிறிது காண்போம். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கோபெலான் நெசவாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராக விளங்கியவர் மிஷேல் ஷெவ்ரெல் என்னும் வேதியியல் அறிஞர். அங்கு நெய்த துணிகளில் கருநூல் போதிய கருமையின்றித் தோன்றுகிறது என்று குறை கூறப்பட்டது. அவர் சாயத்தைச் சோதித்தார், அதில் பழுதில்லை. அருகில் வைத்து நெய்யப்பட்ட வண்ணமே கருமையின் தோற்றத்தை மாற்றியது என்பதை உணர்ந்தார். ஒரு நிறம் தன் பக்கத்திலுள்ள நிறத்தை நம் கண்ணுக்கு மாற்றிக் காட்டும் என்னும் இவ்வுண்மையை 1839-இல் நூலாக வெளியிட்டார்.

புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய பழைய தெருக்களில் நடப்பவர் இதனைக் கண்ணாரக் காணலாம். பிரெஞ்சுக்காரர் கட்டிய அவ்வீடுகளில் பலவற்றின் சுவர்கள் மஞ்சள் நிறம் உடையவை. ஓரங்களும் தூண்களும் வெண்மையானவை. காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சாய்பலகைச் சன்னற்கதவுகள் அச்சுவர்களில் வரிசையாக நிற்கின்றன. மஞ்சளின் அருகே பூசப்பட்ட சாம்பல் நிறம், வெறும் சாம்பலாய்த் தோன்றாமல் சற்றே நீலச்சாயல் பெற்றுக் குளிர்ச்சியாய்க் காண்கின்றது. அதே சாம்பலை நீலச் சுவரில் வைத்துப் பாருங்கள். அழுக்கேறியது போல் தோன்றும். பச்சைச் சுவரில் செங்கதவை அமைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மீறி ஒளிரும். திருவிழாப் பந்தலுக்கு அது பொருந்தலாம்; நாள்தோறும் வாழும் வீட்டுக்கு எனக்கு உவப்பில்லை.

பொழுதும் நிறத்தை மாற்றும். நண்பகலில் சுடர்விட்ட செந்நிறம் அந்தி மயங்கும் வேளையில் கருத்துவிடும். நீலமும் பச்சையும் அப்போது வெளிறித் துலங்கும். இதனைப் புர்க்கினி என்னும் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டறிந்தார். மாலையில் வீடு திரும்புவோர் தம் கதவை எந்நிறத்தில் காண விரும்புகின்றனர் என்பதையும் எண்ண வேண்டும் அன்றோ?

நிறம் நிலைத்து நிற்றலும் வேண்டும். கண்ணைப் பறிக்கும் சிவப்புகள் சில வெயிலில் விரைந்து வெளுத்துவிடும். காவியும் மஞ்சட் காவியும் அவ்வாறு அல்ல. அவை இரும்பு கலந்த மண்ணிலிருந்து கிடைப்பவை. வெயிலையும் சுண்ணாம்பின் காரத்தையும் தாங்குபவை. இன்றைய வெள்ளைப் பூச்சுக்கு உயிராய் விளங்குவது டைட்டானியம் ஆக்சைடு. அதற்குரிய இல்மனைட்டு என்னும் கருமணல், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கின்றது.

முற்காலத்தில் அவ்விடத்தைப் பெற்றிருந்தது ஈயவெள்ளை. அது மரத்தை நன்றாகப் பற்றியது. ஆனால் பூசுவோரின் உடலையும் பற்றியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 1921-இல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, வீட்டின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 2016-இல் வகுத்த விதிகள், வீட்டுப் பூச்சில் ஈயம் பத்து லட்சம் பகுதிக்கு 90 பகுதிக்கு மேல் இருத்தலாகாது எனக் கட்டளையிட்டன. எனினும் பழைய கதவுகளில் பழைய பூச்சு இன்னும் இருக்கின்றது. அதனை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத்தூள் பறக்கும். நீர் தெளித்து நனைத்தே தேய்க்க வேண்டும். அவ்விடத்துக்குச் சிறுவரை அணுக விடுதல் கூடாது. உதிர்ந்த தூளை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை எளியது. ஓர் அடி நீள அகலமுள்ள பலகையில் அதனை இருமுறை பூசி, கதவு அமையும் இடத்திலேயே சுவரை ஒட்டிச் சாய்த்து வையுங்கள். காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றும் வேளையிலும் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பாருங்கள். சிறிய அட்டையில் மென்மையாகத் தோன்றிய நிறம் முழுக்கதவில் மிகுந்து தோன்றும்; ஆகவே ஐயம் எழுந்தால் ஒரு படி மங்கலானதைக் கொள்க. பூசும் நாளில், எவர் கண்ணிலும் படாத மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டுவிடாமல் பூசச் சொல்லுங்கள். மழைநீர் பெரும்பாலும் மரத்துள் நுழைவது அவ்வழியாகத்தான்.