செலொப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள்

தந்தை இறந்தபின் மகளுக்கு என்ன கிடைக்கும்? பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் இக்கேள்விக்கு ஒரே தெருவில் மூன்று விடைகள் இருந்தன. 1819 ஜனவரி 6ஆம் நாளின் ஆணை, இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் யாவருக்கும் அவரவர் வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்றது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளின் ஆணையோ, விரும்புவோர் அவ்வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க வழிவிட்டது. துறந்தவர் வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. முஸ்லிம் வீட்டில் ஷரீஅத் வகுத்த பங்கு. பழைய இந்து வழக்கிலோ, மகன் இருக்கும் வீட்டில் மகள் வாரிசே அல்லள். 1963இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கு விரிவாக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது.

இதே கேள்வியை மூஸா (அலை) அவர்கள் முன் எழுப்பிய ஐந்து சகோதரியரை எபிரேய மறை பெயர் சொல்லிக் குறிக்கிறது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்பன தமிழ் விவிலியம் தரும் பெயர்கள். தந்தை செலொப்பியாத், யூசுப் (அலை) அவர்களின் வழித்தோன்றல். திருக்குர்ஆன் இவர்களைக் குறிப்பிடாததால் நம்முள் பலர் இவர்களை அறியார்.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் சொல்லும் செய்தி இது. நிலப் பங்கீட்டுக்கான குடிக்கணக்கு முடிந்த நேரம். ஐவரும் கூடாரவாசலில், மக்கள் திரள் முன்னே வந்து நின்றனர். தந்தை பாலைவெளியில் மாண்டார்; அவருக்கு ஆண்மகன் இல்லை; அதனால் அவர் பெயர் அற்றுப்போவதா, எங்களுக்கும் நிலம் வேண்டும் என்றனர். அவர் கோராகின் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் சொல்லிவைத்தனர். கோராகு என்பவன் நாம் அறிந்த காரூனே. கலகக்காரன் மகளுக்கு நிலமா என்ற மறுப்பு எழுமுன்னரே அதன் வாயை அடைத்த வாதம் இது. தேர்ந்த வழக்கறிஞருக்கு உரியது. மூஸா (அலை) தாமே தீர்ப்புரைக்காமல் இறைவனிடம் முறையிட்டார். அவர்கள் கேட்பது நியாயமே என்று விடை வந்தது. யூத அறிஞர்கள் தல்மூதில் இவர்களை ஞானமும் பக்தியும் உடையோர் எனப் போற்றினர்.

ஆயினும் அத்தீர்ப்புக்கு எல்லை உண்டு. மகன் இல்லாதபோதே மகள் வாரிசு. பின்னர் (36ஆம் அதிகாரம்) குலத்தலைவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் மணந்தால் நிலம் கைமாறும் என முறையிட, தந்தையின் கோத்திரத்திலேயே மணக்க வேண்டும் என்றாயிற்று. ஐவரும் சிறிய தந்தை, பெரிய தந்தை மக்களையே மணந்தனர்.

மதீனாவிலும் ஒரு தாய் இவ்வாறே வந்து நின்றார். உஹதில் (கி.பி. 625) ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். இரு பெண்மக்களுடன் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட, அந்நிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினை வசனம் அருளப்பட்டது என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பதைத் திர்மிதீயும் அபூதாவூதும் பதிந்துள்ளனர். சொத்தை 24 பங்காகக் கொண்டால் மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு எஞ்சிய 5. இவ்வசனப்படி, மகன் இருக்கும்போதும் மகள் வாரிசே. மகனின் பங்கில் பாதி அவளுக்குண்டு. மணமகன் யார் என்ற நிபந்தனையும் இல்லை.

இன்று நம் வீடுகள் பலவற்றில் அப்பங்கை மறுப்பது சட்டம் அன்று. 'நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று' என்ற பேச்சே மறுக்கிறது. திருமணத்தில் தந்தது வாழ்நாள் கொடை. வாரிசுப் பங்கை அது கழிக்காது. எனினும் பிறந்தகத்தின் வாசல் அடைபடுமே என அஞ்சிச் சகோதரி விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடுகிறாள்.

செலொப்பியாத்தின் மக்களுக்கும் நிலம் தானாக வந்துவிடவில்லை. மூஸா (அலை) மறைந்தபின், யோசுவா நிலம் பிரித்தபோது ஐவரும் மீண்டும் சென்று, பழைய கட்டளையை நினைவூட்டியே பெற்றனர் (யோசுவா, 17ஆம் அதிகாரம்). 1910இல் சமாரியாவில் தோண்டியெடுத்த, கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மட்பாண்டச் சில்லுகளில் திராட்சைமதுவும் எண்ணெயும் வந்த வட்டாரங்களின் பெயர்கள் மையால் எழுதப்பட்டுள்ளன. தந்தையின் பெயர் அற்றுப்போகக் கூடாது என்றுதான் அவர்கள் வாதிட்டனர். அச்சில்லுகளில் செலொப்பியாத் இல்லை. நோவாளும் ஒக்லாளும் இருக்கின்றனர்.