தூக்கமா? மண்டையில் அடியா?

சனிக்கிழமை இரவு. சம்பளம் வாங்கிய கை. கடையில் நின்றபடியே இரண்டு பாக்கெட் உள்ளே போகிறது. திரும்பும் வழியில் பைக் சறுக்குகிறது, அல்லது மாடிப்படியில் கால் தவறுகிறது. நண்பர்கள் அறைக்குத் தூக்கி வந்து படுக்க வைக்கிறார்கள். "தண்ணி ஜாஸ்தி. தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்!"

சிலருக்கு அந்தக் காலை வருவதே இல்லை.

பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மனைவி, தாய் எல்லாம் ஊரில். இங்கே உயிரைக் காக்க வேண்டியவன் அறை நண்பன்தான்.

மண்டையில் அடிபட்டால் எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசியலாம். அடிபட்டவன் தெளிவாகப் பேசுவான், "ஒன்றுமில்லை" என்பான். சில மணி நேரத்தில் ரத்தம் கட்டி மூளையை அழுத்தும். பேச்சு குழறும், வாந்தி வரும், கண் சொருகும். போதைக்கும் இவையேதான் அடையாளம்! வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

டாக்டருக்கே பார்வையில் பிடிபடாத விஷயம் இது. அதனால்தான் 'ஸ்கேன்' எடுக்கிறார்கள். அடிபட்டு வருகிறவர்களின் குடிப்பழக்கம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் ஆய்வு நடத்தி 2007-ல் அறிக்கை வெளியிட்டது. அதில் பெங்களூரும் ஒன்று. அங்கே கண்ணை மட்டும் நம்பவில்லை. ஊதச் சொல்லிக் கருவியிலும் அளந்தார்கள்.

எழுப்பினால் எழவில்லையா? திரும்பத் திரும்ப வாந்தியா? வலிப்பா? காது, மூக்கில் ரத்தமோ தண்ணீரோ வடிகிறதா? ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருக்கிறதா? விடியும் வரை காத்திருக்காதீர்கள். மோர், எலுமிச்சை, காபி எதுவும் போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். மயங்கியவன் வாயில் எதையாவது ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

பொய் சொல்லலாமா?

"குடிதித்தாரா?" என்று நர்ஸ் கேட்பார். "இல்லவே இல்லை" என்பது நம் வழக்கம். போலீஸ் பயம்! 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால் குற்றம் என்பது உண்மைதான். ஆனால் மறைத்தால் வைத்தியம் தடம் மாறும். மதுவோடு மயக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சு தளர்ந்துவிடலாம்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. தினமும் குடிப்பவன் கால் முறிந்து படுத்தால், குடி திடீரென நிற்கிறது. இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியும், கட்டிலை விட்டு ஓடுவான். 'காற்று கருப்பு' என்று மந்திரிக்க ஆள் தேடுவார்கள். அது குடி நின்றதால் வந்த கோளாறு. உயிரையே பறிக்கக் கூடியது. ஆனால் மருந்து உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தடுத்துவிடுவார்.

தூக்கி வந்த நல்லவருக்கும் பயம் வேண்டாம். விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு வந்து சேர்ப்பவரைக் காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை.

108-க்குப் போன் போடுங்கள். கழுத்தைத் திருப்பாமல், உடம்பு முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வையுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தான், எவ்வளவு குடித்தான், தினமும் குடிப்பவனா என்ற மூன்றையும் வாசலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.