குறி இருக்க வேண்டிய இடம்

சென்ற வாரம் அரைப்புள்ளியைப் பார்த்தோம். இந்த வாரம் அபாஸ்ட்ரஃபி.

இது ஆங்கிலத்தில் பிறந்த குறி அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கிலிருந்து வந்தது. எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டுவதே அதன் முதல் வேலை. ஆறாம் வேற்றுமைக்கு அது வந்ததும் அந்த வழியாகத்தான். பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் உடைமைப் பொருளில் 'இ', 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகளை ஏற்றன. 'இ' தேய்ந்து மறைந்த பின் அந்த இடத்தில் குறி அமர்ந்தது. ஒருமைக்கு எஸ்ஸுக்கு முன்னும், பன்மைக்குப் பெரும்பாலும் எஸ்ஸுக்குப் பின்னும் என்று பள்ளியில் நாம் படித்த விதி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான் நிலைபெற்றது.

விதி உறுதியானதும் விலகலும் தொடங்கியது. அமெரிக்காவில் 1890இல் அமைந்த புவியியல் பெயர்கள் வாரியம், ஊர், மலை, ஏரிப் பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்க்கிறது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவு உட்பட ஐந்தே இடங்களுக்கு விலக்கு. லண்டன் சுரங்க ரயிலில் எர்ல்ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு. அடுத்த நிலையமான பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. 2012இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளும் தங்கள் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டன.

தெருப்பெயர்களில்தான் மோதல் பெரிதானது. பர்மிங்காம் மாநகராட்சி 2009இல் பலகைகளில் குறி வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜ் நகரமும் அந்த வழியில் போனபோது சிலர் கறுப்பு மார்க்கர் பேனாவால் பலகைகளைத் திருத்தினார்கள். 2014இல் நகர மன்றம் பின்வாங்கியது. 2024இல் வடக்கு யார்க்‌ஷயர், முகவரித் தரவுத்தளத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி அதே முடிவை எடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதுவும் கைவிட்டது.

எது சரி? பெர்னார்ட் ஷா நல்ல வழி காட்டினார். 'டோன்ட்', 'வோன்ட்' போன்ற சொற்களில் குறியை நீக்கினார். நீக்கினால் வேறு சொல்லாகிவிடும் இடங்களில் வைத்துக்கொண்டார். பொருள்தான் அவருக்கு அளவுகோல்.

அந்த அளவுகோலையே நானும் ஏற்கிறேன். நிலையத்தின் பெயரில் குறி இல்லையென்றால் யாரும் வழி தவறப் போவதில்லை. வாக்கியம் அப்படியல்ல. 'என் சகோதரியின் நண்பர்கள்', 'என் சகோதரிகளின் நண்பர்கள்' இரண்டும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றுதான். தமிழில் 'கள்' செய்கிற வேலையை அங்கே எழுத்தில் அந்தக் குறி ஒன்றே செய்கிறது. அதை இழந்தால் எத்தனை சகோதரிகள் என்பதே தெரியாமல் போகும்.

கணினிக்கு வசதி என்ற காரணத்தை மட்டும் ஏற்க முடியாது. ஓ'பிரையன், ஓ'கானர் போன்ற ஐரிஷ் குடும்பப் பெயர்களைப் பல இணையப் படிவங்கள் 'தவறான எழுத்து' என்று நிராகரிக்கின்றன. பிழை மென்பொருளை எழுதியவர்களுடையது. பெயருக்கு உரியவர் ஏன் அதைச் சிதைத்து எழுத வேண்டும்? எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வேண்டாம் என்று விட்ட குறி தானாக மறையட்டும். இயந்திரத்துக்காக அதை அழிக்கக் கூடாது.

(அடுத்த வாரம்: ஒரு காற்புள்ளி இல்லாததால் 50 லட்சம் டாலர் கொடுத்த அமெரிக்கப் பால் நிறுவனம்)