முடி வெட்டினால் கோபம் வருமா?

சங்க மலரில் இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே இது என்ன தலைப்பு என்று அன்பர்கள் கேட்கலாம். 1996-இல் எங்கள் பெங்களூர் வீட்டில் நடந்த சண்டைதான் காரணம். கல்லூரியில் படித்த என் மகன், புதிதாக வாங்கிய கேசட்டை இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டு, "ஏமாத்திட்டாங்கப்பா" என்றான். "காட்டுக் கத்தல்ல பழசு என்ன, புதுசு என்ன?" என்று நான் சிரித்தேன். ஒரு வாரம் அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது மெட்டாலிகா என்ற அமெரிக்கக் குழுவின் 'லோட்' ஆல்பம். 1981-இல் தொடங்கிய அக்குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேகம். 'த்ராஷ் மெட்டல்' என்பார்கள். ரசிகர்களே கேசட்டில் நகலெடுத்துக் கைமாற்றி வளர்த்த இசை அது. 1984-லேயே ஒரு பாட்டு மெல்லிய கிட்டாரில் தொடங்கியதற்கு, "விலைபோயிட்டாங்க" என்று சிலர் முணுமுணுத்தார்கள். 1991-இல் கறுப்பு அட்டையோடு வந்த ஆல்பத்தில் வேகம் குறைந்தது, பாட்டுகள் சுருங்கின. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்களோ துரோகம் என்றார்கள். 1996-இல் பாணி இன்னும் மாறியது. நீள முடியும் போயிற்று. அந்த முடிக்காகவும் கோபித்தவர்கள் உண்டு!

ஊருக்குத் தெரியாத ஒன்றை நாலு பேராகக் கொண்டாடியவர்களுக்கு, ஊரே உள்ளே வந்தால் வீடு பறிபோன மாதிரி இருக்கும். மெட்டாலிகா 2003-இல் கிட்டார் தனி ஆவர்த்தனத்தை விட்டதற்கும் திட்டு வாங்கியது. 2008-இல் பழைய வேகத்துக்குத் திரும்பியபோது, ஒலிப்பதிவு காதைக் கிழிக்கிறது என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. என் மகன் மெட்டாலிகாவைப் பிடித்துக்கொண்டதே அந்த 1991 ஆல்பத்தில்தான். மூத்தவர்களுக்குத் துரோகமாகப் பட்டது இவனுக்கு வேதம். ஆக, அவரவர் நுழைந்த வாசலைத்தான் அவரவர் அசல் என்கிறார்கள்.

2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. திரும்பி வந்த மகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "பழசா, புதுசா?" என்றேன். "எல்லாத்துக்கும் கத்தினேம்பா" என்றான்.

இன்று என் பேத்தி கன்னடம் கலந்து தமிழ் பேசுகிறாள். "தமிழே கெட்டுப்போச்சு" என்று வாய் வரை வருகிறது. அவள் நுழைந்த வாசல் அது என்று நினைத்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.