ஆண்டு எழுதாத கல்வெட்டு

செடெனாக்கில் உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்குகிறதா? கிழமையோடு திதியும் நட்சத்திரமும் அச்சாகியிருக்கும். பழைய மன்னர்களின் காலத்தைக் கண்டுபிடிக்க உதவியவை அவைதாம்.

பண்டைய ரோமர்கள், கான்சல் எனப்பட்ட இரு ஆட்சித் தலைவர்களின் பெயரால் ஆண்டைக் குறித்தார்கள். அந்தப் பட்டியலை இத்தாலிய அறிஞர் கார்லோ சிகோனியோ 1550இல் நூலாக்கினார். சோழ, பாண்டியக் கல்வெட்டுகளிலோ பெரும்பாலும் 'மன்னரின் 7ஆம் ஆட்சியாண்டு' என்பதுபோல்தான் இருக்கும். எந்த நூற்றாண்டு? ஒரே பெயரில் பல மன்னர்கள் வேறு!

நல்ல வேளையாக, சில கல்வெட்டுகள் மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் சொல்கின்றன. ஆவணி வளர்பிறைப் பஞ்சமி திங்கட்கிழமையில் வருவது ஏறத்தாழ ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான். நட்சத்திரமும் பொருந்த வேண்டுமென்றால் இன்னும் அரிது. அதே மன்னரின் வேறு கல்வெட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், பொருந்தும் ஆண்டுகள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

இதற்கு ஆய்வாளர்கள் புரட்டும் நூல், எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளையின் 'இந்தியன் எபிமெரிஸ்'. 1922இல் சென்னையில் வெளிவந்தது. கி.பி. 700 முதல் 1799 வரை, நாள்தோறும் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் அதில் உண்டு. அப்போது கணினியே கிடையாது! ஆனால் கல்லில் எழுத்து வெட்டியவர் கிழமையை மாற்றி வெட்டியிருந்தால், இந்த அட்டவணைகளை வைத்தும் ஆய்வாளர்கள் திணற வேண்டியதுதான்.